மரக்காணம் உப்பளத்து ஈயக் குண்டு

போன மாதம் எங்கள் ஆய்வகத்தில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். துப்பாக்கிப் பிரிவுக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வந்திருக்கிறதாம். குண்டின் எடை, அது புறப்படும் வேகம், குழாய் எந்தச் சாய்வில் இருந்தது என்பவற்றைத் தட்டினால், குண்டு எங்கே போய் விழும் என்று திரையில் கோடு போட்டுக் காட்டுகிறது. "உங்க காலத்துல இதையெல்லாம் எப்படி மேடம் செஞ்சீங்க?" என்று கேட்டார்கள். நானும் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டேன். மரக்காணம் கேஸைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு அப்படித்தான் ஆகிறது. என்ன நடந்தது என்று தெரியும். அதைக் கேட்பவருக்குப் புரிகிற மாதிரி எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது. எழுதினால் வந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறேன்.

பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தேன். தடய அறிவியல் ஆய்வகத்திலிருந்து அழைப்பு வந்தது. ரத்தம், விஷம் பார்க்கிற பிரிவுகளில் இடம் இல்லாததால் துப்பாக்கிப் பிரிவில் போட்டார்கள். அதுவரை நான் துப்பாக்கியைப் பக்கத்தில் பார்த்ததே கிடையாது. முதல் சில வருடங்கள் குழாய் துடைத்தேன், அரக்கு உருக்கினேன், பொட்டலங்களுக்குச் சீட்டு ஒட்டினேன். அதைத் தவிர அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

எங்கள் பிரிவின் தலைவர் தணிகாசலம் சார். ஒல்லியான மனிதர். வியர்வைக்குக் காலருக்கு அடியில் எப்போதும் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்திருப்பார். குண்டை எடை போடச் சொன்னால் மூன்று முறை போட வேண்டும். ஒவ்வொரு முறையும் தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தி, முள் அசைவு நிற்கும்வரை மூச்சுகூடச் சத்தமாக விடக்கூடாது. மூன்றும் ஒன்றாக வந்தால் சந்தோஷப்பட மாட்டார். "ரொம்ப ஒழுங்கா இருக்குதே. தராசு ஒட்டிக்கினு நிக்குதான்னு பாரு" என்பார். நான் ஏதாவது ஒரு முடிவைச் சொன்னால் உடனே, "சரிம்மா மங்கை, வேற எப்பிடி நடந்திருக்கலாம்?" என்று கேட்பார். "தெரியலை சார்" என்றால் மட்டும் தலையை ஆட்டிக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இவருக்குப் பதில் தெரிந்துதான் நம்மைச் சோதிக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவருக்கும் பல சமயம் தெரியாது என்பது மரக்காணத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

எண்பதுகளின் கடைசி. மாசி மாதம். உப்பு வார ஆரம்பித்திருந்த நேரம். உப்பங்கழியில் காட்டு வாத்துகளும் இன்னும் திரும்பிப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்த செங்கேணி என்ற பெண் திடீரென்று விழுந்து இறந்துபோனாள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஒரு துளை. உடலை அறுத்துப் பார்த்தபோது நெஞ்சுக்குள் ஒரு ஈயக் குண்டு கிடந்தது. பெரிய கோலிக்குண்டு அளவு. அதைத்தான் எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள்.

நாங்கள் மரக்காணம் ஸ்டேஷனுக்குப் போனபோது, கேஸ் முடிந்துவிட்டது என்றுதான் இன்ஸ்பெக்டர் நினைத்திருந்தார். உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கிற இன்ஜின் ஷெட்டில் செங்கேணியின் புருஷனுடைய அண்ணன் குப்புசாமி காவல் இருந்தார். கோழி பிடிக்க வரும் நரிக்காக ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். குழாயின் வாய்வழியாகவே மருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற பழைய ரகம். அன்று காலை அவர் சுட்டதைப் பலரும் கேட்டிருந்தார்கள். அடுத்த கணம் செங்கேணி விழுந்திருந்தாள். முதல் நாள்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் எழுப்புவது பற்றிச் சண்டை நடந்திருந்தது.

"அவனே ஒத்துக்கிட்டான் சார். நீங்க அந்தத் துப்பாக்கிதான்னு எழுதிக் குடுத்துட்டா போதும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

தணிகாசலம் சார் உட்காரவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் போடுகிற நாற்காலியில் அவர் எப்போதும் உட்காருவதில்லை. "ஆளைப் பாக்கலாமா?" என்றார்.

குப்புசாமிக்கு ஐம்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அடித்துச் சொல்ல வைத்த முகமாக எனக்குத் தெரியவில்லை. கணக்கு எங்கே பிசகியது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறவர் முகம் போல இருந்தது.

"நரியைப் பாத்துதாங்க சுட்டேன். நரி மேற்கால ஓடுச்சு. செங்கேணி கெழக்கால இருந்தா. ஆனா நான் சுட்டேன், அவ வுழுந்துட்டா. கல்லுல பட்டுத் திரும்பிச்சோ இன்னாவோ. நான் இல்லன்னா வேற யாருங்க?"

"நீங்க வேணும்னு சுட்டீங்களா?" என்று சார் கேட்டார்.

"அய்யய்யோ. அவ எங்க வூட்டுப் பொண்ணுங்க."

வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டர் இன்னொரு தகவலும் சொன்னார். அன்று வெடிச்சத்தம் கேட்டதாகச் சாட்சி சொல்ல ஒரு பெரியவர் தானாகவே ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார். பெரிய முதலியார்சாவடிக்காரர், பெயர் லூர்துசாமி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அந்தப் பக்கத்தில் அவர்களைச் சொல்தா என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பங்கழியின் மறுகரைக்கு வந்து வாத்து சுடுவார். துப்பாக்கிக்கு லைசென்ஸ் உண்டு.

"நான் ஒரு வெடி விட்டேன். கொஞ்ச நேரத்துல உப்பளத்துப் பக்கம் ஒரு சத்தம் கேட்டுது. அதைத்தான் சொல்ல வந்தேன்" என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

சார் அந்தக் காகிதத்தைத் திரும்பவும் படித்தார். "இவரு எதைப் போட்டுச் சுட்டாரு?"

"வாத்துக்கு எதை சார் போடுவாங்க? சின்னச் சின்ன ஈய ரவைதான்."

"கேட்டீங்களா?"

இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. நாங்கள் போய்க் கேட்டோம். லூர்துசாமி எங்களை உட்கார வைத்து, காபி வரவழைத்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். வாத்துகள் தூரத்தில், தண்ணீரின் அந்தக் கோடியில் கூட்டமாக உட்கார்ந்துகொள்ளும். அவற்றைக் கிளப்புவதற்காக முதலில் ஒரே ஒரு பெரிய ஈயக் குண்டைத் தோட்டாவில் அடைத்து, குழாயை மேலே தூக்கி ஒரு வெடி விடுவார். பறவைகள் கிளம்பி அவர் பக்கம் வரும். பிறகுதான் ரவை. குண்டு வாங்குவது மரக்காணம் கடைத்தெருவில், மீன்வலைக்கு ஈயம் உருக்கி ஊற்றுகிற ஆளிடம். குப்புசாமியும் அதே ஆளிடம்தான் வாங்கியிருந்தார். ஒரே ஈயம், ஒரே அச்சு. இரண்டு துப்பாக்கியிலும் குழாய்க்குள் குண்டைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளம் கிடையாது என்பதால் குண்டில் அடையாளம் எதுவும் விழாது. குண்டை வைத்து, இது யாருடையது என்று சொல்ல வழியே இல்லை.

"அய்யா, அந்தக் குண்டு உங்களோடதா இருக்கலாமான்னு பாக்கத்தான் வந்திருக்கோம்" என்று சார் வெளிப்படையாகவே சொன்னார்.

லூர்துசாமி சிரித்தார். "பாருங்க சார், தாராளமா பாருங்க. நான் பட்டாளத்துல இருந்தவன். அவ்ளோ கனமான குண்டு எவ்ளோ தூரம் போயிடும்? பாதித் தண்ணியிலயே தொப்புனு வுழுந்துடும். சின்ன ரவையாவது லேசு, பறக்கும். இது எங்க பறக்கறது?"

அவர் நின்ற இடத்துக்கும் செங்கேணி விழுந்த பாத்திக்கும் நடுவே சுமார் ஒரு கிலோமீட்டர்.

இங்கேதான் என் குழப்பம் தொடங்கியது. கல்லூரியில் படித்த சூத்திரம் எனக்கு மனப்பாடம். எறியப்பட்ட பொருள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதில் வேகம் இருக்கிறது, சாய்வு இருக்கிறது, புவியீர்ப்பு இருக்கிறது. எடை இல்லை. அதன்படி பார்த்தால் லூர்துசாமி சொன்னது தப்பு. ரவையும் குண்டும் ஒரே வேகத்தில், ஒரே சாய்வில் கிளம்பினால் ஒரே இடத்தில்தான் விழ வேண்டும். ஆய்வகத்தில் ஒரு மரக்கட்டையைக் கயிறுகளில் தொங்கவிட்டு அதன்மேல் சுட்டு, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து அவருடைய தோட்டாக்களின் வேகத்தைக் கண்டுபிடித்தோம். ரவைத் தோட்டாவுக்கும் குண்டுத் தோட்டாவுக்கும் கிட்டத்தட்ட ஒரே வேகம்தான் வந்தது. சூத்திரத்தில் போட்டேன். குண்டு மரக்காணத்தைத் தாண்டிப் பல கிலோமீட்டர் போக வேண்டும் என்று விடை வந்தது.

"சார், சொல்தா தொப்புனு விழும்ங்கிறாரு. சூத்திரம் ஊரைத் தாண்டும்ங்குது."

"ரெண்டு பேரும் கடற்கரைக்கு வரட்டும்" என்றார் சார்.

அனுமந்தைக்கு அப்பால், ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு நீளமான கடற்கரையைப் பிடித்தோம். இரண்டு பக்கமும் போலீஸ்காரர்களை நிறுத்தி யாரும் வராமல் பார்த்துக்கொண்டோம். அலை வற்றிய ஈரமணலில் வரிசையாகச் சிவப்புக் கொடிகள். துப்பாக்கியைச் சவுக்குக் கம்பில் செய்த ஸ்டாண்டில் கட்டினோம். விசையில் நீளமான கயிறு. சாய்வைப் பார்க்கத் தூக்குக்குண்டும் பாகைமானியும். கயிற்றை இழுப்பதற்கு முன்பு சார் தானே போய்க் குழாயின் சாய்வைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். ஒவ்வொரு முறையும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க ஒரு பிடி மணலை மேலே தூக்கிப் போடச் சொல்வார். லூர்துசாமிக்கு ஒரே உற்சாகம். பட்டாளத்துக்கே திரும்பிப் போய்விட்டவர் மாதிரி கட்டைத் தட்டி இறுக்கினார், கொடியைச் சரி செய்தார், போலீஸ்காரர்களை விரட்டி விரட்டி வேலை வாங்கினார்.

முதலில் ரவை. இரண்டாவது கொடியைத் தாண்டியதும் மழைத்தூறல் போல மணலில் விழுந்து முடிந்துவிட்டது. "பாத்தீங்களா? லேசானதே இவ்ளோதான்" என்றார் லூர்துசாமி.

அடுத்து குண்டு. அதே மருந்து, அதே சாய்வு. கயிற்றை இழுத்தேன். சத்தம் கேட்டது. கண்களை மணலில் வைத்துக் காத்திருந்தோம். ஒன்றும் விழவில்லை. நான் கடலில் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். லூர்துசாமி, "பக்கத்துலதான் எங்கியாவது புதைஞ்சிருக்கும்" என்று சொல்லி இரண்டாவது கொடிக்கும் மூன்றாவது கொடிக்கும் நடுவே குனிந்து தேட ஆரம்பித்தார். அப்போதுதான் வெகு தூரத்தில், கடைசிக் கொடிக்கும் அப்பால் நின்றிருந்த போலீஸ்காரர் துண்டை எடுத்து வீசினார். அவருக்கும் கொஞ்சம் தள்ளி ஈரமணலில் ஒரு குழி விழுந்திருந்தது.

லூர்துசாமி நிமிர்ந்து அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவ்ளோ தூரமா?" என்றார். "இன்னொரு வாட்டி சுடுங்க" என்றார். சுட்டோம். மறுபடியும் துண்டு ஆடியது. அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் அவர் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வரவில்லை.

நான் சாரிடம் போனேன். "சூத்திரத்துல எடையே இல்லையே சார். அப்புறம் எப்படி?"

"அந்தச் சூத்திரத்துல காத்து இருக்குதா?"

இல்லை. காற்றே இல்லாத உலகத்துக்கு எழுதிய சூத்திரம் அது. காற்று இருக்கிற இடத்தில் ரவை ஒவ்வொன்றும் லேசு. தன்னைப் பிடித்து இழுக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு போக அதனிடம் திராணி இல்லை. கிளம்பிய வேகத்தைச் சீக்கிரம் தொலைத்துவிடுகிறது. குண்டுக்கு எடை இருப்பதால் வேகத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போகிறது. சார் இதை ஈரமணலில் விரலால் வரைந்து காட்டினார். புரிந்த மாதிரி இருந்தது. உடனே அடுத்த குழப்பம். மருந்தைக் குறைத்து, வேகம் பாதியாகிற மாதிரி செய்து சுட்டோம். சூத்திரப்படி தூரம் கால்பங்காக வேண்டும். முக்கால்வாசி தூரம் போயிற்று. வேகமாகக் கிளம்பினால் காற்று அந்த அளவுக்கு மூர்க்கமாகப் பிடிக்கும், அதனால் கூடுதல் வேகத்தால் கிடைக்கிற லாபம் கொஞ்சம்தான். அது எனக்கு மறுநாள்தான் பிடிபட்டது. அன்றைக்குச் சாரும் தலையைச் சொறிந்துகொண்டுதான் நின்றார். கால்வாசி ஆகாது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். இவ்வளவு போகும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப லூர்துசாமிதானா சார்?" என்றேன்.

"அது அங்க வரைக்கும் போகும்னுதான் தெரிஞ்சிருக்குது. போச்சுன்னு எங்க தெரிஞ்சுது?"

எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. குப்புசாமி நின்ற ஷெட் செங்கேணிக்கு மிகப் பக்கம், ஒரு சத்தம் போட்டால் கேட்கிற தூரம். அங்கிருந்து சுட்ட குண்டாக இருந்தால் உடம்பைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போயிருக்கும். உள்ளேயே தங்கியதால் அது வேகம் குறைந்து, தூரத்திலிருந்து வந்து விழுந்த குண்டு. சாரிடம் இதைச் சொன்னேன். அவர் குப்புசாமியின் துப்பாக்கியை, அதே மருந்தோடு சுட்டுப் பார்க்கச் சொன்னார். உப்புக்காற்றில் மருந்து நமத்துப்போயிருந்தது. ஒரு முறை இடி மாதிரி வெடித்தது. அடுத்த முறை புஸ்ஸென்று புகைந்து, குண்டு சோம்பலாகப் போய்ப் பக்கத்திலேயே விழுந்தது. சோம்பலாகப் போன குண்டு பக்கத்திலிருந்து பட்டாலும் இதே மாதிரிதான் உடம்புக்குள் தங்கும்.

ஆக, தூரத்திலிருந்து வேகமாகக் கிளம்பி மெதுவாக வந்து சேர்ந்த குண்டு. அல்லது, பக்கத்திலிருந்து மெதுவாகவே கிளம்பிய குண்டு. செங்கேணியின் உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வித்தியாசம். தூரத்துக் குண்டு வானத்திலிருந்து செங்குத்தாக இறங்கும். பக்கத்துக் குண்டு தரையை ஒட்டிப் படுக்கையாக வரும். காயம் தோளின் மேலிருந்து கீழ்நோக்கி இருந்தது. செங்கேணி நிமிர்ந்து நின்றிருந்தால் குண்டு மேலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஷெட்டைப் பார்த்துக் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தால், படுக்கையாக வந்த குண்டும் அதே வழியாக இறங்கியிருக்கும்.

அவள் பக்கத்தில் வேலை செய்த கன்னியம்மாவைத் தேடிப் போனேன். ஆண்கள் கேட்டால் அவள் பயந்து பயந்து பேசுகிறாள் என்று சார் என்னை மட்டும் அனுப்பினார். வெள்ளைவெளேரென்று கண்ணைக் கூச வைக்கும் பாத்திகள். கன்னியம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே நின்று பேசினாள்.

"குனிஞ்சு வாரிக்கினு இருந்தா."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"இருக்குது. இல்லங்க, கூடைய தூக்கிக்கினு போனா. அய்யோ, எனக்குத் தெரியல யக்கா. வாருவோம், தூக்குவோம், கொட்டுவோம், திரும்ப வாருவோம். அன்னிக்கு எது முன்னாடி, எது பின்னாடின்னு நான் எத்த கண்டேன்? சத்தம் கேட்டு நான் ஷெட்டு பக்கம் திரும்பிட்டேன். இந்தப் பக்கம் திரும்பினா வுழுந்து கெடக்கறா."

அவள் அழுதாள். கையை எடுத்து முகத்தைத் துடைத்தபோது தலைக்கூடை சாய்ந்து, உப்பு என் மேல் கொட்டியது. கூடையின் விளிம்பு ஒரு இடத்தில் பிய்ந்திருந்தது.

"கூடையை மாத்திக்கக் கூடாதா? உப்பெல்லாம் சிந்துதே" என்றேன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"இது செங்கேணி கூடைங்க. என்னோடது ஒடைஞ்சு போச்சு. அவ நல்லாத்தான் வெச்சிருந்தா. அன்னிக்கு வுழுந்ததுல பிஞ்சிருக்கும்."

கூடையை வாங்கிப் பார்த்தேன். விழுந்து பிய்ந்த ஓலை நசுங்கியிருக்கும். இது அறுந்திருந்தது. அறுந்த நுனிகள் எல்லாம் கீழ்நோக்கி மடங்கியிருந்தன. அவளுக்கு வேறு கூடை ஏற்பாடு செய்துவிட்டு அதை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். ஈயம் பட்ட இடத்தில் ஊற்றினால் சிவக்கிற மஞ்சள் மருந்து ஒன்று உண்டு. கண்ணாடிக் குச்சியால் சொட்டுச் சொட்டாக விட்டேன். சார் பக்கத்தில் நின்றார். விளிம்பின் மற்ற இடங்களில் மஞ்சளாகவே இருந்தது. அறுந்த இடத்தில் மட்டும் மெல்லச் சிவந்தது.

கூடை அவள் தலைமேல் இருந்திருக்கிறது. அவள் நிமிர்ந்து நடந்திருக்கிறாள். குண்டு மேலிருந்து இறங்கி, கூடையின் விளிம்பை அறுத்துக்கொண்டு தோளில் விழுந்திருக்கிறது.

"வேற எப்பிடி நடந்திருக்கலாம்?" என்று சார் வழக்கம்போல் கேட்டார்.

யோசித்தேன். "தெரியலை சார்" என்றேன்.

அவர் தலையாட்டவில்லை. கூடையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "லூர்துசாமி வெடிச்ச சத்தத்துலதான் அந்த நரி பயந்து ஓடி வந்திருக்கும். அதைப் பாத்து இவன் சுட்டிருக்கான். குண்டு அதுக்குள்ள மேல போயி இறங்கிக்கினு இருந்திருக்கும்" என்றார். பிறகு, "இதை ரிப்போர்ட்ல எழுதாதே. நரியை யாரும் விசாரிக்கல" என்றார். அறிக்கையில் 'நிச்சயமாக' என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'பெரும்பாலும்' என்று மாற்றினார்.

வழக்கு திண்டிவனம் கோர்ட்டுக்கு வந்தது. சார் கூண்டில் ஏறிச் சொன்னார். உறுதியாகச் சொல்ல முடியுமா என்று வக்கீல் கேட்டதற்கு முடியாது என்றும் சொன்னார். ஆனால் லூர்துசாமி எதையும் மறுக்கவில்லை. அவருடைய வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தும் கேட்காமல், "அந்தக் கடற்கரையில நான் பாத்துட்டேன் அய்யா. என்னோடதுதான்" என்றார். குப்புசாமியை விட்டுவிட்டார்கள். லூர்துசாமிமேல் கவனக்குறைவு என்று வழக்கு; அவர் ஜாமீனில் இருந்தார்.

வெளியே தாழ்வாரத்தில் நாங்கள் எல்லோருமே நிற்க வேண்டியிருந்தது. செங்கேணியின் புருஷன் ஏழுமலையும் அங்கே இருந்தான். இத்தனை மாதமாக அண்ணனோடு பேச்சு கிடையாது என்று கேள்விப்பட்டிருந்தேன். லூர்துசாமி அவன் முன்னால் போய் நின்று கை கூப்பினார். ஏழுமலை அவரை ஒரு மாதிரி பார்த்தான். கோபம்கூட இல்லை. யாரென்றே தெரியாத ஒருவர் ஏன் தன்னைக் கும்பிடுகிறார் என்பது போல ஒரு பார்வை. அண்ணன்மேல் வைத்திருந்த கோபத்தை எடுத்து இவர்மேல் வைக்க அவனால் முடியவில்லை என்று எனக்குத் தோன்றியது.

குப்புசாமிதான் பேசினார். "பெரியவரே, உங்க குண்டுதான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்பிடிப்பா தெரியும்? நான் வாத்தைத்தானே பாத்துக்கினு இருந்தேன். இவங்க சொல்றாங்க."

"எனக்கும் அதாங்க. நீ இல்லன்றாங்க. நான் சுட்டுட்டுத் திரும்பினா, அவ வுழறத என் கண்ணால பாத்தேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "எல்லாம் சரிம்மா. அவரு குண்டு செங்கேணி மேல வுழுந்துடுச்சு. அப்ப நான் சுட்ட குண்டு எங்க போச்சு?"

அதையும் தேடியிருந்தோம். ஷெட்டுக்கு மேற்கே பாத்திகளை வடித்து, சேற்றை வாரி, ஆள் வைத்துச் சலித்துப் பார்த்திருந்தோம். கிடைக்கவில்லை. சேற்றுக்குள் இறங்கியிருக்கும், கால்வாயில் விழுந்திருக்கும் என்று சொன்னேன். நான் சொல்வது எனக்கே பலமாகக் கேட்கவில்லை.

"கெடைக்கல, இல்ல?" என்றார் குப்புசாமி. அதே யோசனை முகம்.

ஏழுமலை அண்ணன் பக்கத்தில் போய் அவர் கையிலிருந்த துணிப்பையை வாங்கிக்கொண்டான்.

"வாண்ணா, பஸ்ஸு பூடும். நாளைக்கு தண்ணி கட்டறதுக்கு முன்னாடி நானும் வர்றேன். ரெண்டு பேரும் தேடலாம்."